சீசனில் கிடைத்த லீவு

என் மாமா செத்துப்போன செய்தி வந்த ஒரு வாரத்தில் எங்கள் வீட்டில் கடற்கரைக்கு உல்லாசப் பயணம் போகத் திட்டம் போட்டோம். எழுதும்போது எனக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். எனக்கு அப்போது எட்டு வயது, என் தம்பிக்கு நாலு. மாமா இறந்தது எங்கள் இருவருக்கும் தெரியாது. குடும்பத்தில் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகவே அவர் அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தார்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட, அம்மாதான் அவரை வளர்த்து ஆளாக்கினாள். சவூதியில், அல் கோபாரில் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் சாரம் கட்டும் வேலையில் இருந்தார். நாங்கள் பர் துபாயில் இருந்தோம். இரண்டு ஊருக்கும் நடுவில் கொஞ்ச நேரப் பிளேன் பயணம்தான். ஆனால் மாமாவுக்கு லீவு கிடைத்தால் ஊருக்குத்தான் போவாரே தவிர எங்களிடம் வரமாட்டார். அதனால் எனக்கு அவர் பெரும்பாலும் ஒரு குரல்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் போன் வரும். முதலில் நான், பிறகு தம்பி, கடைசியில் அம்மா. என்னிடம் பேசும்போதெல்லாம் ஒரே வம்புதான். நீ படிக்கிறது இங்கிலீசு பள்ளிக்கூடமாமே, எங்க கேம்ப்ல ஒரு பூனை இருக்கு, அது அரபி பேசும், உனக்குத் தெரியுமா என்பார். நான் நம்பியிருக்கிறேன்.

ஒரு நாள் டியூட்டி முடிந்து வந்து படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. ரூமில் கூட இருந்தவர்கள் அப்பாவைத்தான் முதலில் கூப்பிட்டார்கள்.

அம்மாவுக்கு அப்போது ஏழாவது மாதம். எனக்கும் தம்பிக்கும் நடுவில் ஒன்று தங்காமல் போயிருந்தது. இந்த முறை பிரஷர் வேறு ஏறி, பிளேன் ஏறக் கூடாது, மனசுக்கு அதிர்ச்சியான எதுவும் காதில் விழக் கூடாது என்று டாக்டரம்மா அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். ஆக, சொன்னாலும் அம்மாவால் ஊருக்குப் போய் முகம் பார்க்க முடியாது. பிள்ளை பிறக்கும்வரை மூச்சு விடுவதில்லை என்று அப்பா முடிவு செய்தார். அந்த முடிவில் தப்பில்லை என்றுதான் இன்றும் எனக்குப் படுகிறது. ஆனால் பொய் சொல்ல ஒரு திறமை வேண்டும். அப்பாவுக்கு அது மருந்துக்கும் கிடையாது.

முதலில் அம்மாவின் மொபைல் ரிப்பேர் என்று எடுத்துக்கொண்டு போனார். அடுத்த நாள் அது தண்ணீரில் விழுந்துவிட்டதாகச் சொன்னார். அதற்கடுத்த நாள் கடைக்காரன் ஊருக்குப் போய்விட்டான் என்றார். வெள்ளிக்கிழமை மாமா போன் வராததற்கு, அவரைப் பாலைவனத்துக்குள் ஒரு சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள், அங்கே டவர் கிடையாது என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அப்பா மறைத்தது பூசணிக்காயைக்கூட இல்லை, ஒரு ஆளை. அம்மா எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினாள்.

எங்கள் வீடு என்று சொன்னாலும் அது ஷேரிங்தான். பெரிய அறை எங்களுக்கு, சின்ன அறை ஒரு மலையாளத்துச் சேச்சிக்கும் அவர் கணவருக்கும், சமையலறை பொது. சேச்சியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் ஊரிலிருந்து யாராவது சேச்சியின் போனுக்கு அழைக்கலாம். சொன்னதுதான் வினையாகிவிட்டது. சேச்சி நல்ல மனுஷி, ஆனால் மனசில் இருப்பது முகத்தில் வந்துவிடும். அம்மாவைப் பார்த்ததும் கண் கலங்கும். அன்றைக்கெல்லாம் வெங்காயம் வெட்டாத நேரத்திலும் வெங்காயம் வெட்டினேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மீன் பொரித்தால் ஒரு துண்டு தருகிறவர் நாலு துண்டு கொண்டுவந்து அம்மாவின் தட்டில் வைத்தார்.

மாமாவின் உடலை ஊருக்கு அனுப்பக் காகித வேலை இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் இன்ன நாளில் வந்து சேரும் என்று தெரிந்தது. அன்றைக்கு ஊர்க்காரர்கள் யாரும் சும்மா இருக்கமாட்டார்கள், துபாயில் இருக்கும் ஊர்ப் பையன்கள் துக்கம் கேட்க வீட்டுக்கே வந்து நின்றுவிடுவார்கள் என்று அப்பா பயந்தார். அப்படித்தான் கடல் அவர் நினைவுக்கு வந்தது. மூன்று வருடமாக நாங்கள் நச்சரித்தும் நினைவுக்கு வராத கடல்.

அன்று மாலை அப்பா வேலையிலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து எங்களைக் கூப்பிட்டார்.

"கோர்ஃபக்கான் போறோம். மூணு நாளு. லீவு சொல்லிட்டேன்."

தம்பி அறைக்குள் ஓட ஆரம்பித்தான். நான் பள்ளிக்கூடம் என்று இழுத்தேன். காய்ச்சலோடு போனாலும் போ என்று அனுப்புகிறவர், ரெண்டு நாள் போகலேன்னா ஒண்ணும் குடி முழுகிடாது என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"லீவு குடுத்துட்டாங்களா?"

"குடுத்துட்டாங்க."

"இப்பவா?"

"கேட்டேன், குடுத்துட்டாங்கம்மா. புள்ளைங்க ரொம்ப நாளாக் கேக்குதுல்ல."

அம்மா கையில் இருந்த தம்பியின் சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு பாத்ரூமுக்குப் போனாள். வர நேரமானது. வந்து அப்பாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, சரி, என்னென்ன எடுக்கணும், சொல்லுங்க என்றாள்.

அந்த மாலை எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் எங்கள் வீட்டில் அப்படி ஒரு கூட்டம் அதற்குமுன் கூடியதில்லை. எதையாவது வாங்கவோ எங்காவது போகவோ எங்களிடம் யோசனை கேட்கும் வழக்கம் கிடையாது. அன்றைக்கு எல்லாவற்றையும் எங்களிடமே கேட்டார்கள். எனக்கு நீச்சல் வளையம் வேண்டும் என்றேன், அப்பா சரி என்றார். தம்பிக்கு மண் அள்ளும் வாளி, சரி. தம்பி ஒரு ஒட்டகத்தையும் கூட்டிப் போகலாமா என்றான், அதற்கும் சரி என்று சொல்லிவிட்டுத்தான் அப்பா யோசித்தார். புளியோதரை, தயிர்சாதம், முறுக்கு என்று அம்மா சொல்லச் சொல்ல நான் விரல் விட்டு எண்ணினேன். தம்பிக்கு வெயில் கொப்புளம் வரும், காலையிலும் சாயங்காலமும்தான் தண்ணீரில் விடவேண்டும் என்று அம்மா சட்டம் போட்டாள். அப்பா எல்லாவற்றுக்கும் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டினார்.

"மாமாவையும் வரச் சொல்வோம்" என்றேன் நான்.

அப்பா, அவருக்கு டவர் இல்லையே பாப்பா என்றார். அம்மாதான் சட்டென்று, அடுத்த தடவை வரச் சொல்லுவோம், இப்ப அவனுக்கு லீவு கிடைக்காது என்றாள். எனக்கு அது நியாயமாகத் தோன்றியது.

கிளம்பும் அன்று அப்பாவோடு வேலை பார்க்கும் பட்டான் பாய் ஒருவர் தன் பழைய காரைக் கொண்டுவந்து சாவியைக் கொடுத்தார். சாவியைக் கொடுத்தபின்னும் அப்பாவின் கையை விடவில்லை. தோளில் தட்டி "சபர் கரோ பாய், சபர்" என்றார். பொறுமையாக இரு என்று அர்த்தம், அது எனக்குத் தெரியும். கார் பழசு, மெதுவாக ஓட்டச் சொல்கிறார் என்று தம்பிக்கு விளக்கம் வேறு சொன்னேன். பிறகு அவர் இரண்டு கைகளையும் விரித்து ஏதோ வேண்டிக்கொண்டு முகத்தில் தடவிக்கொண்டார். பீச்சுக்குப் போவதற்குக்கூட வேண்டிக்கொள்கிறாரே என்று எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வழி முழுக்க அம்மா பேசிக்கொண்டே வந்தாள். அதிகம் பேசுகிறவள் இல்லை அவள். அன்றைக்கு என்னவோ வாய் ஓயவில்லை. எல்லாம் மாமாவின் கல்யாணப் பேச்சு. ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு பெண் இருந்தது, போட்டோ வந்திருந்தது, மாமா அடுத்த லீவில் போய்ப் பார்ப்பதாக இருந்தது.

"பொண்ணு கொஞ்சம் கருப்புதான், ஆனா லட்சணம். இவன் மட்டும் என்ன, மன்மதனா? என்னங்க?"

அப்பா ம் என்றார்.

"கூரைப்புடவைய இங்கேருந்தே எடுத்துட்டுப் போயிரலாம். மீனா பஜார்ல நல்லா இருக்கும். நீங்க என்ன சொல்றீங்க?"

அப்பா அதற்கும் ம் என்றார். மலை தொடங்கும் இடத்தில் வண்டியை ஓரம்கட்டி, டயரைப் பார்க்கிறேன் என்று இறங்கினார். வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்து நின்றார். நானும் இறங்கவா என்று கேட்டேன். அம்மா வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். டயர் நன்றாகத்தான் இருந்தது. வெளியே செடி கொடி எதுவும் இல்லாத பழுப்பு மலை. தம்பி அதைப் பார்த்து இதற்கு யார் மொட்டை போட்டது என்று கேட்டான், அம்மா சிரித்தாள்.

கோர்ஃபக்கானில் கடலுக்கு எதிரே ஒரு மாடி அறை. வெயில் ஏறத் தொடங்கியிருந்ததால் கூட்டமில்லை. அன்று மாலை அப்பாவும் தம்பியும் மண்ணில் ஒரு புர்ஜ் கலிஃபா கட்டினார்கள், அது எங்கள் கட்டடத்தின் உயரம்கூட வரவில்லை என்று நான் கேலி செய்தேன். அம்மா பாயில் கால்நீட்டி உட்கார்ந்து, எங்கள் செருப்புகளுக்குக் காவலிருந்தாள். பின்னாளில் எந்தக் கடற்கரைக்குப் போனாலும் அவள் வேலை அதுதான். மேட்டு நிலத்து ஊர்க்காரி, அதுவரை கணுக்காலுக்கு மேல் கடல் தண்ணீர் பட்டதில்லை. புளியோதரையைப் பங்கிட்டாள். அப்பாவுக்கு இரண்டாம் முறை வைத்தபோது, நல்லாச் சாப்பிடுங்க, ஒரு வாரமா ஒழுங்காவே சாப்பிடல நீங்க என்றாள். அப்பா அவளைப் பார்த்த பார்வையில் ஒரு நிம்மதி தெரிந்தது. தன் திட்டம் பலித்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும்.

அப்படித்தான் அவர் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார். தங்கை பிறந்து, அம்மா உடம்பு தேறி எழுந்த பிறகு, சேச்சியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நாள் அப்பா மெல்ல விஷயத்தைச் சொன்னார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. நானும் அழுதேன், அழுகையோடு அழுகையாக, அந்த அரபி பேசும் பூனை என்ன ஆச்சு என்று கேட்டேனாம். தாயையும் பிள்ளையையும் காப்பாற்றிவிட்டோம் என்பதில் அப்பாவுக்கு ஒரு பெருமை உண்டு. யாராவது வீட்டில் ஒரு கெட்ட சேதியை எப்படிச் சொல்வது என்று திண்டாடினால், என்கிட்ட கேளு, நான் மூணு மாசம் மறைச்சவன் என்பார். அம்மா அப்போதெல்லாம் காபி கலக்க எழுந்து போய்விடுவாள்.

நான் என் மூத்த பிள்ளையை உண்டாகியிருந்தபோதுதான் அம்மா என்னிடம் சொன்னாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. சேச்சியின் கண்ணீரோ காணாமல்போன மொபைலோ அவளுக்கு அதைச் சொல்லவில்லை. அவற்றை வைத்து ஏதோ சரியில்லை என்று சந்தேகம்தான் பட்டிருக்கிறாள். சொன்னது லீவு.

அப்பா ஏசி மெக்கானிக். வெயில் ஏறும் மாதங்கள் அவர்களுக்குச் சீசன். சீசனில் அந்தக் கம்பெனியில் லீவு என்ற பேச்சே கிடையாது. தம்பி பிறந்த அன்றுகூட அப்பா டியூட்டி முடிந்துதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஊரில் சாவு என்றால் மட்டும் எமர்ஜென்சி லீவு கொடுப்பார்கள். வளைகுடாவில் வேலை செய்கிறவன் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. அப்பா வீட்டில் எல்லோரிடமும் பொய் சொல்லியிருக்கிறார், மேனேஜரிடம் மட்டும் உண்மையைச் சொல்லி லீவு வாங்கியிருக்கிறார். வாங்கிய கையோடு அதை அம்மாவிடமே சந்தோஷமாக வந்து சொல்லியிருக்கிறார்.

"அவுங்க வீட்டுச் சாவுன்னா உங்கப்பா பிளேன் ஏறியிருப்பாரு. ஏறல. எங்களைக் கடலுக்குக் கூட்டிப் போறேங்கிறாரு. அப்ப எங்க வீடு. எங்க வீட்ல மிச்சம் இருந்தது யாரு பாப்பா? அவன் ஒருத்தன்தான்" என்றாள் அம்மா.

பிறகு ஏன் காட்டிக்கொள்ளவில்லை என்று கேட்டேன். அந்த மனுசன் படாதபாடு பட்டு மறைக்கிறாரு, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா அவரு ஒடைஞ்சுபோவாரு, வயித்துல ஒண்ணு, பக்கத்துல ரெண்டு, நானும் விழுந்தா யாரு பாக்குறது என்றாள். காரில் கல்யாணப் பேச்சு பேசியதும் அதற்காகத்தானாம், அவன் பேச்சையே எடுக்காமல் இருந்தால் அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிடுமாம். அழத் தெரிந்த நாளிலிருந்து அழுதிருக்கிறேன், ஆனால் அன்று அம்மாவின் மடியில் படுத்து அழுததுபோல் அழுததில்லை. அவள் என் முதுகைத் தடவிக்கொண்டே, அப்பாகிட்ட வாயைத் தெறந்துராத என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள். சாவுச் சேதி காதில் விழுந்தால் தலைமுழுக வேண்டும். கூடப் பிறந்தவனுக்கு அதைக்கூடச் செய்யாமல் எப்படி இருப்பது? வீட்டில் அகாலத்தில் தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் அப்பா கண்டுபிடித்துவிடுவார். கடலில் நனைந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? அதனால்தான் ஏழு மாதத்து வயிற்றோடு அவ்வளவு தூரம் வருவதற்கு மறுபேச்சுப் பேசவில்லையாம்.

அங்கே போன இரண்டாம் நாள் காலை. அன்றைக்குத்தான் மாமா ஊருக்கு வந்து சேருகிறார். அப்பாவுக்குப் போன் வந்தது. மணலில் சரியாகக் கேட்கவில்லை என்று ரோட்டுப் பக்கம் ஏறிப் போனார். அம்மா பாயிலிருந்து எழுந்தாள். கொண்டையை அவிழ்த்து முடியைத் தொங்கவிட்டாள். தம்பியின் கையை என் கையில் பிடித்துக்கொடுத்து, விட்டுடாத, இங்கேயே நில்லு என்று சொல்லிவிட்டு, நைட்டியோடு கடலுக்குள் இறங்கினாள்.

எனக்கு நம்பவே முடியவில்லை. அம்மா, அம்மா என்று குதித்தேன். அலை பெரிதாக இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். அங்கே சூரியன் கடலுக்குள்ளிருந்து வரும், அவள் அந்தப் பக்கம் பார்த்து நின்றதால் எங்களுக்கு முதுகுதான் தெரிந்தது. ஒரு கையால் மூக்கைப் பிடித்து, இன்னொரு கையை வயிற்றின்மேல் வைத்து, மெல்ல உட்கார்ந்து தலை மறைய மூழ்கினாள். எழுந்தாள். ஒண்ணு என்று கத்தினேன். மறுபடி மூழ்கினாள். ரெண்டு! தம்பியும் சேர்ந்துகொண்டான். மூணு! அம்மா விளையாடுகிறாள் என்று எங்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மூன்றோடு அவள் நிறுத்திவிட்டாள். முகத்தை வழித்துக்கொண்டு கரைக்கு வரத் திரும்பினாள். கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன. உப்புத் தண்ணீர் எரிகிறது என்றுதான் நினைத்தேன்.

"இன்னொண்ணும்மா! இன்னொண்ணு! ப்ளீஸ்!" என்று கத்தினேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள், அப்பா அங்கே எங்களுக்கு முதுகைக் காட்டிப் போனில் பேசிக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு, எங்களைப் பார்த்தபடியே, இன்னும் ஒரு தடவை மூழ்கி எழுந்தாள். முதல் மூன்றும் மாமாவுக்கு, அது மட்டும் எங்களுக்கு என்று தெரியாமல் நான் நாலு என்று கத்தினேன்.